களப்பணி என்றால் தேங்காய்க் களமா? (ஒரு கேள்வியும் கொஞ்சம் புலம்பலும்)

கிளுவைவேலி | செவ்வாய், இரவு 9.40

முதலில் ஒரு சிரிப்பு. காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே ஓர் ஊரில் மூன்று மாதமாகத் தங்கியிருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். போன முதல் நாள் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆத்தாவிடம், "களப்பணிக்கு வந்திருக்கறனுங்க" என்றேன். "எந்தக் களத்துலீங் கண்ணு? பருப்புக் களமா?" என்று கேட்டார். இந்தப் பக்கம் பருப்பு என்றால் கொப்பரை, களம் என்றால் அதைக் காயப்போடும் களம்தானே. தேங்காய் உடைக்க ஆள் சேர்க்க வந்த பிள்ளை என்று இரண்டு நாள் ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

என் ஆராய்ச்சித் தலைப்பு கல்யாண மொய்யும் சீரும். யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள், எப்போது திருப்புகிறார்கள், திருப்பாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். கைடு 62 கேள்வி உள்ள படிவத்தைக் கையில் கொடுத்து, 150 வீடு முடித்துவிட்டு வா என்றார். இதுவரை 94 வீடு ஆகியிருக்கிறது. 94 வீட்டிலும் ஒரே பதில்தான். "அன்பா குடுக்கறதுங்க, கணக்கெல்லாம் பாக்கறதில்லீங்க." ஊருக்குள் வித்தியாசம் உண்டா என்று கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலமுங்க. இப்ப எல்லாரும் தாயா புள்ளையா இருக்கறோம்."

அவர்கள் என்னைக் கேட்கும் கேள்விகளுக்குத்தான் அளவில்லை. சொந்த ஊர் எது, என்ன கூட்டம் (குலப் பிரிவு), குலதெய்வம் எங்கே, கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை, மாதம் எவ்வளவு தருகிறார்கள், அது போதுமா. நான் கோபிப் பக்கத்துப் பெண். ஒரு வீட்டில் கூட்டத்தைச் சொன்னதும், "அட, அப்பறம் நம்ம பங்காளிதான்" என்று காபி வந்தது. அதோடு என் படிவமும் படுத்துவிட்டது. பங்காளி வீட்டுப் பெண்ணிடம் யாராவது பணக் கணக்கு சொல்வார்களா?

படிவத்துக்கு வெளியே கேட்டது, பார்த்தது எல்லாம் ஐந்து நோட்டு ஆகிவிட்டது. கைடு அதைத் தரவு என்றே எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். இந்த நோட்டுகளை வைத்து என்ன செய்வது? அப்புறம், சொந்தச் சீமையிலேயே களப்பணி செய்ய வந்தது புத்திசாலித்தனமா முட்டாள்தனமா?


ஊதியூர்க்காற்று | செவ்வாய், இரவு 10.25

படிவத்தைக் கிழித்துப் போட வேண்டாம். அதையே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் வேண்டாம். நான் பல வருடம் மானிடவியல் பாடம் எடுத்து ஓய்ந்தவன், கொஞ்சம் நீளமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் நியூ கினிக்குப் பக்கத்தில் ட்ரோப்ரியாண்ட் தீவுகளுக்குப் போய் 1915க்கும் 1918க்கும் இடையில் இரண்டு தவணையாகத் தங்கினார். அதற்கு முன்பு போனவர்களில் பலர் பாதிரியார் பங்களா வராந்தாவிலோ அதிகாரி வீட்டிலோ உட்கார்ந்து, உள்ளூர் ஆட்களை வரச்சொல்லிக் கேட்டு எழுதினார்கள். இவர் குடிசைகளுக்கு நடுவே கூடாரம் அடித்தார். காலையில் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்பது அவர் பல் விளக்கும்போதே காதில் விழும். அங்கே குலா என்று ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. சிவப்புச் சிப்பி மாலைகள் தீவு தீவாக வலப்பக்கமாகச் சுற்றும், வெள்ளைச் சிப்பிக் கைவளைகள் இடப்பக்கமாகச் சுற்றும். இதில் உங்களுக்கு வேண்டியது என்னவென்றால், அந்த முழு வட்டத்தையும் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு யார் கொடுத்தான், நான் யாருக்குக் கொடுத்தேன் என்பதுதான் ஒவ்வொருவருக்கும் தெரியும். வட்டத்தைப் போட்டுப் பார்த்தது ஆராய்ச்சிக்காரர்.

மொய்யும் அப்படித்தான். "கணக்குப் பார்ப்பீர்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும், வேறு எப்படி வரும்? "போன கல்யாணத்து மொய் நோட்டு இருக்குதுங்களா, பாக்கலாமா" என்று கேளுங்கள். பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ஊர், பெயர், தொகை என்று வரிசையாக. எங்கள் அப்பாரு காலத்து நோட்டு ஒன்றில் "அரிசி 1 வள்ளம், தேங்காய் 2" என்றெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு பெயருக்கு நேரே சின்ன டிக் இருந்தால் அது திருப்பியாகிவிட்டது. டிக் இல்லாத பெயரைக் காட்டி, இவர் யாருங்க என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

அவர்கள் உங்களைக் கேட்பதைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். எவான்ஸ் பிரிட்சார்ட் என்ற இன்னொரு மானிடவியலாளர் 1930களில் தெற்கு சூடானில் நூயர் மக்களிடம் போனபோது, உன் கொடிவழிப் பெயர் என்ன என்று கேட்டால், அதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறாய் என்பார்களாம். சரி வேண்டாம் என்றால், வேண்டாமென்றால் எதற்குக் கேட்டாய், கொஞ்சம் புகையிலை கொடு என்று முடியும். அவர் அந்தப் பேச்சை அப்படியே புத்தகத்தில் போட்டார். உங்களிடம் கூட்டமும் குலதெய்வமும் கேட்கிறார்கள் பாருங்கள், அதுதான் அவர்களுடைய படிவம். எந்தக் கேள்வி முதலில் வருகிறது, எந்தப் பதிலுக்குப் பிறகு காபி வருகிறது, எதற்குப் பிறகு மோர் வருகிறது என்று குறித்து வையுங்கள்.


பொழுதோட | செவ்வாய், இரவு 10.41

எங்கள் பக்கம் இப்போது மொய்யே வாங்குவதில்லை. பத்திரிகையிலேயே அன்பளிப்பு வேண்டாம் என்று அச்சடித்துவிடுகிறார்கள். பழைய தலைப்பு.


கிளுவைவேலி | செவ்வாய், இரவு 11.05

@பொழுதோட, வாங்காததிலும் ஒரு கணக்கு இருக்கிறதே. நான் போன ஆறு கல்யாணத்தில் இரண்டில் வாங்கவில்லை. இரண்டுமே ஆலை வைத்திருக்கும் வீடு. வாங்காதவருக்குத் திருப்பித் தர வேண்டிய கடனும் இல்லை. மற்றவர்கள் மட்டும் சாப்பிட்டுவிட்டுச் சும்மா வந்த கூச்சத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். இதெல்லாம் அந்த ஐந்து நோட்டில்தான் இருக்கிறது, 62 கேள்வியில் இல்லை.

@ஊதியூர்க்காற்று ஐயா, நன்றிங்க. மோர் விஷயம் உண்மைதான். எனக்கு இரண்டு வீட்டில் மோர்தான் வந்தது. ஏன் என்று யோசிக்கவே இல்லை.


தறிச்சத்தம் | புதன், காலை 6.15

எல்லோரும் ஆராய்ச்சி செய்பவர் பக்கம் நின்று பேசுகிறீர்கள். ஆராயப்பட்டவன் பக்கமிருந்து ஒருவன் பேசுகிறேன்.

பதினைந்து வருடம் முன்பு எங்கள் தறிக்குடோனுக்கு ஒருவர் வந்தார். எந்தக் காலேஜ், எந்த ஊர் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். நல்ல மனுசன். ஒரு வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார், அப்பாவோடு நூல் வாங்க ஈரோடு வரைக்கும் பஸ்ஸில் வந்தார். போகும்போது அம்மா கண் கலங்கியது. அப்புறம் ஒரு போன் கூட இல்லை. நான் கல்லூரி போன பிறகு அவருடைய ஆய்வு இணையத்தில் கிடைத்தது. எங்கள் ஊருக்குப் பொய்ப் பெயர், அப்பாவுக்கு "தகவலாளி 14". சரி, நாகரிகம்தான். ஆனால் "ஊரில் முதலில் ஏர்ஜெட் தறி போட்டு, கடனில் அதை விற்றவர்" என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் ஏர்ஜெட் போட்டு விற்றவர் ஒரே ஒருவர்தான். மைத்துனரிடம் வாங்கிய கடனைப் பற்றி அப்பா ராத்திரி பத்து மணிக்கு மனசு விட்டுச் சொன்னது பக்கம் பக்கமாக இங்கிலீஷில் இருக்கிறது. மாமனுடைய மகன் அதைப் படித்துவிட்டான். இரண்டு வருடம் போக்குவரத்து நின்றுபோயிற்று.

பெயரை மாற்றினால் சென்னையில் இருப்பவனுக்குத்தான் தெரியாது. உள்ளூரில் ஒரு மாட்டின் கொம்பைச் சொன்னாலே அது யார் வீட்டு மாடு என்று சொல்லிவிடுவார்கள். மொய் நோட்டைப் போட்டோ எடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

நூறு வருடத்துக்கு முன்பு மெட்ராஸ் மியூசியத்தில் இருந்த தர்ஸ்டன் நம் ஆட்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து ஏழு தொகுதி போட்டார். இப்போது மூக்கை அளப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.


கொரங்காடு | புதன், காலை 8.30

@தறிச்சத்தம் சொல்வது நியாயம்தான், ஆனால் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பிரெண்டா பெக் 1960களின் நடுவில் ஆக்ஸ்போர்டு மாணவியாகக் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்துக்கு வந்து தங்கினார். கொங்கு, அதற்குள் நாடு, கிராமம், ஊர், வீடு என்று அடுக்கடுக்காக இறங்கிப் பார்த்து 1972இல் புத்தகம் போட்டார். 1965இல் உடுக்கடிக்காரர்கள் பாடிய அண்ணன்மார் கதையை (பொன்னர் சங்கர் கதை) முழுக்க ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே கதையை வைத்துக்கொண்டு நாற்பது வருடத்துக்கு மேலும் வேலை பார்த்து, கடைசியில் கார்ட்டூன் தொடராகவே எடுத்தார். வந்து எழுதிவிட்டு ஓடியவர் பட்டியலில் அவரைச் சேர்க்க முடியாது.

எனக்கு அதில் உறைத்த விஷயம் வேறு. பொன்னர் சங்கர் கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ராத்திரி பாட்டு நடக்கும், நாங்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு பாதியில் தூங்கிவிடுவோம். அதை யாராவது பதிந்து வைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கே போகப் போகிறது, அடுத்த வருடமும் பாடுவார்கள் என்றுதான் இருந்தோம். சாதிகளை இரண்டு அணியாகப் பிரிக்கும் பழைய வலங்கை இடங்கைப் பிரிவை வைத்து பெக் சடங்குகளைப் பிரித்துக் காட்டியதைப் படித்தபோது, எங்கள் தெருவைப் பற்றியே யாரோ சொல்லித்தான் தெரிகிறதே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதனால் @கிளுவைவேலி, சொந்தச் சீமை என்பது அனுகூலம் மட்டும் என்று நினைக்காதீர்கள். தெரிந்தது எல்லாம் கண்ணுக்குப் படாது.


மட்டுறுத்துநர் | புதன், காலை 9.10

சாதிப் பெயர் சொல்லித் திட்டிய ஒரு பதிவு நீக்கப்பட்டது. பேச்சு தொடரட்டும்.


கிழக்குவளவு | புதன், மதியம் 1.20

வேலை இடைவேளையில் எழுதுகிறேன், சுருக்கமாக.

அக்கா, நீங்கள் தங்கியிருப்பது யார் வீட்டில்? படிவத்தோடு எங்கள் ஆட்கள் குடியிருக்கும் பக்கம் வந்தீர்களா? வந்தபோது கூட வந்தது யார்?

அந்த 94 வீடும் ஏன் ஒரே பதில் சொன்னது என்பதற்கு இந்த மூன்று கேள்வி போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. மொய் நோட்டில் பெயர் இருப்பவர்களை மட்டும் பார்த்தால் கல்யாணத்தில் பாதிதான் தெரியும். பந்தல் போட்டவர், பறை அடித்தவர், மங்கல வாழ்த்துப் பாடிய குடிமகன் (நாவிதர்), எச்சில் இலை எடுத்தவர், இவர்களுக்குக் கொடுத்தது எந்த நோட்டில் வரும்? எங்கள் அம்மா பண்ணையத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று நாள் வேலை செய்துவிட்டு ஒரு சேலையும் சோறும் வாங்கி வரும். அதுவும் அன்புதான் என்பார்கள். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வந்து என்ன வைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

டீக்கடையில் இப்போது எல்லோருக்கும் பேப்பர் கப். அதைப் பார்த்துவிட்டு வித்தியாசம் போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். கப்பை வாங்கிக்கொண்டு யார் பெஞ்சில் உட்காருகிறார்கள், யார் வேப்பமரத்தடிக்குப் போகிறார்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். கேட்க வேண்டாம், பார்த்தாலே போதும்.


கிளுவைவேலி | புதன், இரவு 10.15

காலையிலிருந்து இந்தப் பதிலைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கியிருப்பது ஒரு தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில். ஊரில் பெரிய பண்ணையம் அவர்களுடையது. எங்களுக்குத் தூரத்து ஒரம்பரை (உறவு), அதனால்தான் வீட்டில் அனுப்பவே சம்மதித்தார்கள். நீங்கள் கேட்ட பக்கம், கிழக்கே, 21 வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பையன் பைக்கில் கூட்டிப்போய், நான் கேட்டு முடிக்கும்வரை வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். உதவி செய்கிறான் என்று நன்றி வேறு சொன்னேன். ஒரே காலையில் 21 வீடும் முடிந்துவிட்டது என்று நோட்டில் பெருமையாக எழுதியிருக்கிறேன்.


ஊதியூர்க்காற்று | புதன், இரவு 10.50

இதில் நீங்கள் முதல் ஆள் இல்லை. எம்.என். சீனிவாஸ் என்ற சமூகவியலாளர் 1948இல் மைசூர்ப் பக்கம் ராம்புரா கிராமத்துக்குப் போனபோது ஊர்த்தலைவர் சொன்ன இடத்தில் தங்கினார். ஊரை மேல்சாதியார் பக்கமிருந்துதான் அதிகம் பார்க்க முடிந்தது என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டு எழுதினார். எழுதினதால்தான் அந்தப் புத்தகத்தை நம்பிப் படிக்க முடிகிறது. பைக்கில் சாய்ந்து நின்ற பையனை நீங்களும் ஆய்வுக்குள் கொண்டு வாருங்கள். பின்னுரையில் ஒளிக்காமல் முதல் அத்தியாயத்திலேயே போடுங்கள். 21 வீட்டையும் தரவிலிருந்து எடுக்க வேண்டாம், அவன் நிற்கும்போது வந்த பதில் என்று எழுதினால் அதுவே ஒரு தரவு.

சீனிவாஸ் பெயரை எடுத்ததால் இன்னொன்று. 1970இல் அவர் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது யாரோ வைத்த தீயில், களக்குறிப்புகளை வைத்துப் பல வருடம் ஒழுங்குசெய்த தாள்கள் எரிந்துவிட்டன. நினைவிலிருந்து எழுதினார். நமக்கு அந்த நினைவாற்றல் இல்லை. ஐந்து நோட்டையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

எரிச்சல், கோபம், வீட்டு நினைப்பு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதுங்கள். மாலினோவ்ஸ்கியின் அந்தரங்க நாட்குறிப்பு அவர் இறந்து 25 வருடம் கழித்து 1967இல் வெளிவந்து, அந்தத் தீவு மக்களை அவர் உள்ளுக்குள் எப்படியெல்லாம் திட்டினார் என்று உலகமே படித்தது. எழுதாமல் இருந்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். எழுதியதால்தான் மறுநாள் அவர்களோடு சிரித்துப் பேச முடிந்திருக்கும்.


சேவக்கட்டு | புதன், இரவு 11.30

தைப்பொங்கலுக்கு அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசு போங்கள், சேவல்கட்டு பாருங்கள். சும்மா சொல்லவில்லை. 1958இல் கீர்ட்ஸ் என்ற அமெரிக்கரும் மனைவியும் பாலித் தீவில் ஒரு கிராமத்துக்குப் போனார்கள். ஊரில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, காற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பத்து நாளில் ஒரு சேவல் சண்டை, அங்கே அது தடை. போலீஸ் வந்துவிட்டது. நாங்கள் வெளிநாட்டு விருந்தாளி என்று காகிதத்தைக் காட்டி நிற்காமல் இருவரும் ஊராரோடு ஓடி, யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்குள் புகுந்து டீ குடிப்பதுபோல் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் ஊரே அவர்கள் ஓடியதை நடித்துக் காட்டிச் சிரித்தது. அன்றிலிருந்து அவர்கள் ஊர்க்காரர்கள்.

உங்களை இன்னும் யாரும் கேலி செய்யவில்லை என்றால் நீங்கள் இன்னும் ஊருக்குள் வரவில்லை.


அப்புச்சிபேரன் | வியாழன், காலை 7.05

சேவல்கட்டெல்லாம் ஆம்பளைகள் சமாச்சாரம், பொண்ணு போய் என்ன செய்யும். எங்கள் ஊரில் அதற்கு ஈடு எழவு வீடு. கல்யாணத்துக்குப் போனால் ஒரம்பரை, சந்தகையும் ஒப்பிட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள். எழவுக்குப் போய் ராத்திரி பெண்களோடு உட்கார்ந்து எழுந்து வந்தால், அடுத்த நாள் யாரும் உங்களை "படிக்க வந்த புள்ளை" என்று சொல்ல மாட்டார்கள்.


தறிச்சத்தம் | வியாழன், காலை 7.30

எழவு வீட்டுக்கும் நோட்டோடு போகச் சொல்கிறீர்களா?


அப்புச்சிபேரன் | வியாழன், காலை 7.34

நோட்டை வீட்டில் வைத்துவிட்டுத்தான்.


கிளுவைவேலி | 5 வாரம் கழித்து, ஞாயிறு மாலை

இழையைப் பாதியில் விட்டதற்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

சாளையை விட்டு வந்துவிட்டேன். சண்டை போட்டு வரவில்லை, பஸ்ஸுக்குத் தூரம் என்று சாக்குச் சொன்னேன். ஊருக்குள் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் வீட்டில் ஓர் அறை. சாளையில் முகம் கொஞ்சம் சுண்டிப் போயிற்று, அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அப்புறம், எல்லோரும் முதலில் நினைத்த வேலைக்கே போய்விட்டேன். கொப்பரைக் களத்துக்கு. காய் உடைக்க எனக்குக் கை வரவில்லை. அரிவாளை இரண்டு தடவை நழுவவிட்டதும், "ஆராச்சி அங்க போய் உக்காருங்" என்று காய்ந்த தொட்டியிலிருந்து (சிரட்டை) பருப்பு தோண்டும் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஆராச்சி என்பதுதான் இப்போது என் பெயர். @சேவக்கட்டு, கேலி தொடங்கிவிட்டது.

களத்தில் பதினொரு பெண்கள். முக்கால்வாசிப் பேர் கிழக்கே இருந்து வருபவர்கள். கையில் வேலை இருந்தால் வாய் தானாகப் பேசுகிறது. முதல் இரண்டு வாரம் நான் மொய் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு அக்கா மகள் சடங்குக்கு அண்ணன் சீர் கொண்டுவராத கதையை ஆரம்பித்தார். அங்கிருந்து ஒவ்வொருவராக வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு யார் யார் என்ன வைத்தார்கள் என்று பருப்பைத் தோண்டிக்கொண்டே வரிசையாகச் சொன்னார். நான் விரலில் எண்ணினேன், 43 பேர். குத்துவிளக்கு, போசி, 51 ரூபாய், ஒரு ஆட்டுக்குட்டி, எது எது திருப்பியாயிற்று, எது பாக்கி. நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "எழுதி வெச்சா மறந்து போயிருமுங் கண்ணு" என்றார்.

பண்ணையத்து வீட்டில் வைத்தது எது என்று அவராகச் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவர் கேட்டார். "ஒரு சேலை. நெதம் வேலைக்குப் போறமல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த தொட்டியை எடுத்துக்கொண்டார். @கிழக்குவளவு, நீங்கள் கேட்கச் சொன்ன கேள்வியை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் அறைக்கு வந்து பழைய படிவங்களைத் தேடினேன். அவர் வீடும் அந்த 21இல் ஒன்று. 37ஆவது கேள்வி, மொய்க் கணக்கு வைத்திருக்கிறீர்களா. "இல்லை" என்பதில் டிக் போட்டிருக்கிறேன்.

கைடிடம் இரண்டையும், அதாவது பழைய டிக்கையும் இந்த 43 பேர் பட்டியலையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பேசாமல் இருந்தார். பிறகு 150 வீட்டை 100ஆகக் குறைத்துக்கொள் என்றார். வெற்றியா என்று தெரியவில்லை, எனக்கு ஒரு மாதம் கிடைத்தது.

@தறிச்சத்தம், பட்டியலில் பெயர் எதுவும் வராது. ஆட்டுக்குட்டியையும் எடுத்துவிட்டேன், ஏனென்றால் ஆட்டுக்குட்டி வைத்தவர் ஒருவர்தான். களத்துப் பகுதியை முதலில் தமிழில் எழுதி, அவர்களிடம் வாசித்துக் காட்டி, வேண்டாம் என்பதை அடித்த பிறகுதான் இங்கிலீஷ். அந்த அக்காவிடம் இதைச் சொன்னதற்கு, "வாசிக்கறப்ப எங்க அண்ணன் கதையைச் சத்தமா வாசி" என்றார். அதை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.


தறிச்சத்தம் | ஞாயிறு, இரவு 8.10

அண்ணன் வீட்டிலும் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.


கிளுவைவேலி | ஞாயிறு, இரவு 8.45

கேட்கிறேன். நாளைக்கு முடியாது. மேற்கே மின்னுகிறது, விடிவதற்குள் மழை வந்தால் பருப்பு மேல் தார்ப்பாய் இழுக்க ஆள் வேண்டும், நாலரைக்கே வந்துவிடு என்று சொல்லியிருக்கிறார்கள்.